சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் பழைய மாருதி 800 ஒன்று நிற்கிறதாம். காலையில் காரை எடுத்த பிறகு பார்த்தால் சீமெந்துத் தரையில் ஒரு ரூபாக் குற்றியளவில் கறுப்புப் பொட்டு. மூன்று மாதத்தில் அது உள்ளங்கையளவாகிவிட்டது. "கராஜுக்குக் கொண்டு போனால் எவ்வளவு கேட்பார்களோ என்று பயம். கொண்டு போகாமல் விட்டால் நடுவழியில் நின்றுவிடுமோ என்றும் பயம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு பயமும் நியாயமானவைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதை ஒரு பழந்துணியும் ஒரு டோர்ச் லைட்டும் வைத்துக்கொண்டு நீங்களே வீட்டில் செய்யலாம். இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள், இந்தப் பத்திரிகையில் காரைப் பற்றி என்ன கதை என்று சிலர் நினைக்கக்கூடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சாதாரண கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இருபது, முப்பது வருடப் பழைய வண்டிகளெல்லாம் தங்கம் போலாகிவிட்டன. அப்படியான ஒரு வண்டியை வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் அனுப்பிய காசில் வாங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கியும், சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தும் வீட்டைக் கொண்டு நடத்தும் பெண்கள் கண்டியைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்தவர்களும், எங்கே என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு அந்தக் கார் சம்பளம் தருகிற ஆள். அது ஒரு கிழமை கராஜில் நின்றால் அந்தக் கிழமை அடுப்பு எரிவது சிரமம்.

இயந்திரம் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்களில் எத்தனையோ பேர் கண்ணால் கண்டிருப்பீர்கள். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு, சில துளி காபரேட்டருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீர் போலாக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி பார்க்கவேண்டியிருந்தது. ஒயில் கெட்டால் என்ஜின் போச்சு என்பது அன்றைக்கே நாம் படித்த பாடம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் விழுந்திருப்பது என்ன என்று பாருங்கள். வண்டிக்குக் கீழே விழுவதெல்லாம் என்ஜின் ஒயில் அல்ல. இரவில் ஒரு சுத்தமான கார்ட்போர்ட் மட்டையை கீழே விரித்துவிட்டு, காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். மண்ணிறமாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஒயில். இன்னும் தடிப்பாக, மூக்கைத் துளைக்கும் ஒரு கந்தக வாடையோடு இருந்தால் கியர் பொக்ஸ் ஒயில். பச்சையாகவோ றோசாவாகவோ, தண்ணீர் போல, இலேசான இனிப்பு மணத்தோடு இருந்தால் ரேடியேற்றரில் இருந்து வருகிறது. நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ, சில்லுக்குப் பக்கத்தில் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை ஓட்டவே வேண்டாம். பாஸை வீட்டுக்கு வரவழையுங்கள். பெற்றோல் மணத்தால் அதுவும் அப்படித்தான். ஏசி உள்ள வண்டியில் சொட்டும் வெறும் தண்ணீருக்குப் பயப்படத் தேவையில்லை.

என்ஜின் ஒயில்தான் என்று தெரிந்தால் அடுத்தது அளவு பார்ப்பது. கண்டியில் இதுவே ஒரு பெரிய காரியம். எங்கள் வீட்டு முற்றங்களில் சமதரை எங்கே இருக்கிறது? ஹந்தானைப் பக்கம், அம்பிட்டிய பக்கம் வீட்டு வாசலே ஒரு சரிவுதான். வண்டி சரிந்து நின்றால் உள்ளே ஒயிலும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். அளவுக்கம்பி பொய் சொல்லும். ஆகவே கோயில் வளவிலோ, பெற்றோல் செட்டிலோ, பள்ளிக்கூட மைதானத்துக்குப் பக்கத்திலோ சமதரையில் நிறுத்தி, என்ஜினை நிற்பாட்டி, ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு கம்பியை இழுத்து, துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒயில் நிற்கவேண்டும். கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊற்றி, பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கேடுதான். மிஞ்சின ஒயில் எங்காவது வழி தேடும்.

கணக்கொன்று சொல்கிறேன். ஏறக்குறைய இருபது சொட்டுச் சேர்ந்தால்தான் ஒரு மில்லிலீற்றர். இரவில் நூறு சொட்டு விழுந்தாலும் ஐந்து மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி அளவு. ஓடும்போது இதைவிடக் கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் கிழமைக்கொரு தடவை அளவு பார்க்கிற பெண்ணின் என்ஜின் இந்தக் கசிவால் ஒரே இரவில் சாகாது. பார்க்காமல் விடுகிறவர்களின் என்ஜின்தான் சாகும். கடிதம் எழுதிய சகோதரி அவசரப்பட்டு யாரிடமும் வண்டியை ஒப்படைக்கத் தேவையில்லை.

தாமதிக்கக்கூடாத நேரங்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு கிட்டத்தான் என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி அந்த இடத்திலேயே என்ஜினை நிற்பாட்டுங்கள். அந்த விளக்கு ஒயில் குறைந்ததைச் சொல்வதல்ல, ஒயில் அழுத்தம் இல்லை என்பதைச் சொல்வது. அதற்குப் பிறகு என்ஜினுக்கு ஆயுள் நிமிடக் கணக்கில்தான். பொனட்டுக்குள்ளிருந்து எரிந்த மணமும் புகையும் வந்தால், ஒயில் சூடான புகைக்குழாயில் விழுகிறது, நெருப்புப் பிடிக்கலாம். மேடு ஏறும்போது என்ஜின் கத்துகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது என்றால் கிளச்சில் ஒயில் பட்டிருக்கக்கூடும். கடுகண்ணாவை ஏற்றத்தில் இது வந்தால் பின்னால் வரும் பஸ்காரர் பொறுமையாக இருக்கமாட்டார். இன்னொன்று, டைமிங் பெல்ற் இருக்கும் பக்கத்திலிருந்து கசிந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பெல்ற் றப்பர். ஒயிலில் ஊறினால் கெட்டு அறுந்துவிடும்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். முல்லைத்தீவிலிருந்து வந்து அக்காவின் வீட்டோடு அம்பிட்டிய வீதியில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி 2023இல் என்னிடம் வந்தாள். 2009இல் கணவன் காணாமல் போனவள். ஐந்து பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடம் ஏற்றுகிறாள். மத்தியானம் கடைகளுக்குப் பார்சல். கையில் ஒரு சோடிக் காப்பு.

"அக்கா, பின் சீல் போட்டுதாம். கியர் பொக்ஸைக் கழட்ட வேணுமாம். கழட்டினா கிளச் பிளேற்றும் மாத்திறதாம் நல்லது. எல்லாமா 38,000 வரும் எண்டு சொல்லினம். இதை அடகு வைக்கிறன், வேற வழி இல்லை."

"எங்கயிருந்து ஒழுகுது எண்டு காட்டினவையே?"

"கீழ காட்டினவை. கியர் பொக்ஸும் என்ஜினும் சேருற இடத்தில சொட்டுது."

பின் சீல் என்பது என்ஜினின் பிரதான தண்டு கியர் பொக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் இருக்கும் றப்பர் வளையம். அது விலை குறைந்த சாமான்தான். ஆனால் அதைத் தொடவேண்டுமென்றால் கியர் பொக்ஸை இறக்கவேண்டும், கூலிதான் செலவு. அந்தக் கராஜ்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. பின் சீல் போனாலும் அந்த இடத்தில்தான் சொட்டும். ஆனால் அதற்கு மேலே எது ஒழுகினாலும் அதே இடத்தில் வந்துதான் சொட்டும். ஒயில் கூரையில் விழுந்த மழைத்தண்ணீர் மாதிரி. ஓட்டை ஒரு ஓட்டிலே இருக்கும். தண்ணீர் சட்டத்தில் ஓடி வேறொரு மூலையில் பாய்க்கு மேலே சொட்டும். தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதோடு ஓட்டத்தில் வரும் காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும். பழைய ஒயிலில் தூசு ஒட்டி எல்லா இடமும் ஒரே கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புக்குள் புதுக்கசிவு எது, பழசு எது என்று எந்தப் பெரிய பாஸாலும் சொல்லமுடியாது. கழுவிப் பார்த்தால்தான் தெரியும். கழுவ நேரமில்லாதவர் அதிகம் செலவாகும் இடத்தைச் சொல்லிவிடுகிறார்.

என் தகப்பனார் கண்டி–மாத்தளை வீதியில் லொறி ஓட்டியவர். "கீழே பார்க்காதே, மேலே பார்" என்பார். ஒயில் மேலிருந்து கீழேதான் வரும், மேலே ஏறாது. ஆகவே ஈரமாயிருக்கும் இடங்களில் எல்லாவற்றிலும் உயரமானது எதுவோ அங்கேதான் தேடவேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, வெளியில் காற்றோட்டமான இடத்தில், பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பழைய பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டு என்ஜினின் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கழுவினோம். காபரேட்டரையும், பிளக் வயர்கள் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பொலித்தீனால் மூடிக்கொண்டோம். பக்கத்தில் அடுப்போ நுளம்புச் சுருளோ இருக்கக்கூடாது. பிறகு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டோம். காய்ந்ததும், குழந்தைகளுக்குப் போடும் பவுடரை அந்த இடமெல்லாம் தூவினோம். என்ஜின் வெள்ளையாக, புட்டு மா பூசினது போல இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பற்றரியைப் பூட்டி, கால் மணித்தியாலம் ஓடவிட்டு, நிற்பாட்டி, டோர்ச் அடித்துப் பார்த்தோம்.

வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு. அது தொடங்கிய இடம் கியர் பொக்ஸ் அல்ல. என்ஜினின் உச்சியில் இருக்கும் தகர மூடி, 'டப்பெற் கவர்' என்பார்களே, அதன் பின்மூலை. அங்கிருந்து மெல்ல இறங்கி, கியர் பொக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூடிக்குக் கீழே ஒரு கஸ்கட் இருக்கிறது. வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் றப்பர் கல்லாகிவிடும், இறுக்கம் போய்விடும். உதிரிப்பாகக் கடையில் வண்டியின் மொடலும் வருடமும் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். கவர் ஆணிகளுக்குக் கீழே இருக்கும் சின்ன றப்பர் வாஷர்களையும் சேர்த்து வாங்குங்கள், அவையும் கல்லாகியிருக்கும். இரண்டும் சேர்த்து அவளுக்கு 1,700 ரூபா முடிந்தது.

மாற்றுவது கடினமில்லை, அவசரப்படாதவர்களுக்கு. குழாய் ஏதும் குறுக்கே இருந்தால் எது எங்கே என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்க முன்னர் சுற்றிவர இருக்கும் மண்ணைத் துடையுங்கள், உள்ளே விழக்கூடாது. பழைய கஸ்கட் ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டவேண்டாம், அலுமினியம் கீறுப்படும். மரக்குச்சியோ உடைந்த பிளாஸ்ரிக் அடிமட்டமோ போதும். இரண்டு முகமும் துணியால் உலர்வாகத் துடைத்த பிறகு புதியதை வையுங்கள். சிலர் கஸ்கட் முழுவதும் சிலிக்கோன் பசையைப் பிதுக்கிவிடுவார்கள். மிஞ்சின பசை உள்ளே உதிர்ந்து ஒயில் போகும் துவாரங்களை அடைக்கும். ஆணிகளை முதலில் கையால் பூட்டி, பிறகு ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் இன்னொன்றாக, சின்ன ஸ்பானரால், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலம் காட்டும் இடம் இதுவல்ல. அது மெல்லிய தகரம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் வளைந்து, முன்னரைவிட அதிகமாக ஒழுகும்.

புதிய கஸ்கட் போட்டும் சில கிழமையில் மறுபடி கசிகிறது என்றால், அந்த மூடியிலிருந்து எயார் கிளீனர் பக்கம் போகும் மூச்சுக்குழாயைக் கழற்றிப் பாருங்கள். என்ஜினுக்குள் சேரும் ஆவி அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது கசடு கட்டி அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்தச் சந்து பலவீனமோ அதன் வழியாக ஒயிலைத் தள்ளும். குழாயை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் பூட்டினால் போதும். செலவு ஒன்றுமில்லை. இதைப் பார்க்காமல் கஸ்கட் மேல் கஸ்கட்டாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூடி உலர்ந்திருந்தால் மற்றச் சந்தேக இடங்கள்: காபரேட்டர் உள்ள பழைய மாருதியில் கியர் பொக்ஸ் பக்க முனையில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி வளையம் (இதுவும் பின் சீல் போலவே ஏமாற்றும், ஆனால் இதைப் பாஸிடம் விடுங்கள், பழைய இடத்தில் இம்மியும் பிசகாமல் பூட்டாவிட்டால் என்ஜின் ஒழுங்காக ஓடாது), வயர் ஒன்று போய்ச் சேரும் ஒயில் அழுத்த சுவிச், ஒயில் பில்ரர், கீழே ஒயில் வடிக்கும் ஆணி. அண்மையில் ஒயில் மாற்றின பிறகு கசிவு தொடங்கியிருந்தால் கடைசி இரண்டையும் முதலில் பாருங்கள். பழைய பில்ரரின் றப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதற்கு மேலே புதியதைப் பூட்டிவிடுவது வழமையாக நடப்பதுதான்.

கழுவிப் பவுடர் போட்ட பிறகும் மேலெல்லாம் உலர்ந்திருக்க, கியர் பொக்ஸ் சேரும் இடத்தின் அடியிலிருந்து மட்டும் சொட்டினால், கராஜ்காரர் சொன்னது சரி. அது பின் சீலாகத்தான் இருக்கும். அதை வீட்டில் செய்ய முயலவேண்டாம். அப்போதும் வெறுங்கையோடு போகாமல் பவுடர் போட்ட படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டுங்கள். கண்டியில் கராஜ் பாஸ்மார் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். நம்மில் பலருக்கு அந்த மொழி சங்கடம். இரண்டு வசனம் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "லீக் வென தென பென்னன்ன": கசிகிற இடத்தைக் காட்டுங்கள். "பரண படு டிக்க தென்ன": கழற்றின பழைய சாமான்களைத் தாருங்கள். மரியாதையாகக் கேட்டால் ஒருவரும் கோபிப்பதில்லை. மாறாக, இந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்று கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடாதீர்கள். சீமெந்துக் கல் அடுக்கினாலும் பாரத்தில் பொடிந்துபோகும். சரிவில் ஜக் போடவே கூடாது. மேலே சொன்ன வேலைகளில் அநேகமானவை பொனட்டைத் திறந்து நின்றபடி செய்யக்கூடியவை. அதனால்தான் அவற்றை எழுதினேன். பின்னலை முடிந்துகொள்ளுங்கள், சேலை முந்தானை, துப்பட்டா, சங்கிலி, காப்பு ஒன்றும் வேண்டாம். ரேடியேற்றர் காற்றாடி சூடேறினால் தன்பாட்டில் சுற்றத் தொடங்கும்.

பாவித்த ஒயில் கையில் நெடுநேரம் படுவது நல்லதல்ல. தொடர்ந்து பட்டால் தோல் புற்றுநோய்க்கும் இடமுண்டு. பொலித்தீன் பையையாவது கையுறையாகக் கட்டிக்கொண்டு, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வடித்த ஒயிலையும், கழுவின மண்ணெண்ணெயையும் முற்றத்து வாய்க்காலில் ஊற்றவேண்டாம். கண்டி மலைச் சரிவுகளில் ஊற்றுவது அங்கே நிற்பதில்லை. நகரத்து வாய்க்கால்களில் வருவது, குளத்து மிச்சத் தண்ணீரோடு ஓடும் மெத எலவுக்குள் இறங்கி, கெட்டம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. நகரத்துக்குக் குடிதண்ணீர் எடுப்பதும் அந்த ஆற்றிலிருந்துதான். மூடியுள்ள கானொன்றில் சேர்த்து வைத்து, ஒயில் மாற்றும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தங்கள் பீப்பாவில் சேர்த்துக்கொள்கிற இடங்கள் உண்டு. தரையில் இருக்கும் பழைய கறைக்கு மரத்தூளையோ அடுப்புச் சாம்பலையோ போட்டு ஒரு இரவு விட்டுக் கூட்டியெடுங்கள். கறை போன பிறகுதான் மறுநாள் விழும் புதுச்சொட்டு கண்ணுக்குத் தெரியும்.

கடிதம் எழுதிய சகோதரி, முதலில் மட்டையை விரித்துப் பாருங்கள். பவுடர் கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்டதும் எழுதுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமென்றால் அதைப் பாஸிடம் எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது என்று தனியாகப் பதில் போடுகிறேன். அம்பிட்டியத் தங்கச்சியின் காப்பு அவள் கையில்தான் இருக்கிறது. அந்தக் காரில் இப்போது கிளச் கொஞ்சம் மேலே பிடிக்கிறதாம். அது வேறு கதை.